அரசமரத்தில் ஏறிய உப்பு

ஓய்,

இன்று காலை சவரக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. கூடவே ஒரு ஊசிமருந்துக் குப்பியும் விழுந்தது. பல்லிக்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. குப்பிக்குப் போடவில்லை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உம்முடைய குப்பிதான். ரப்பர் மூடி கல்லாக இறுகிப் போயிருந்தது. அடியில் கருநீலமாக ஒரு படிவு. நீர் அதை முதல் தடவை தூக்கிப் பிடித்துக் காட்டியபோது தயிர் மாதிரி வெள்ளையாக இருந்தது. "வெளிச்சம் பட்டா கறுத்துடும் ஓய், என்னை மாதிரி" என்றீர். கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தும் கறுத்துவிட்டது. அங்கேயும் கொஞ்சம் வெளிச்சம் போகும் போலிருக்கிறது.

சோப்பு காய்ந்து கன்னம் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்தேன். "என்னங்காணும், பாதி சந்நியாசியா?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. நீர் இருந்திருந்தால் கேட்டிருப்பீர். நம் பேட்டை ஸ்ரீவராகம் முழுக்கச் சொல்லியும் இருப்பீர்.

எழுபதுகளின் நடுவில் என்று ஞாபகம். நீர் காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர். நான் சர்க்கார் ஆபீஸில் ஒரு மேஜையில் இருக்கும் ஃபைலை இன்னொரு மேஜைக்கு நகர்த்துவேன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். "எந்த இடத்திலே சிரிக்கணும்னு பென்சிலாலே கோடு போட்டுக் கொடும்" என்பீர். கோடு போட்டுக் கொடுத்த இடத்தில் நீர் ஒருநாளும் சிரித்ததில்லை.

தினமும் காலேஜ் பஸ்ஸுக்காகக் கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று நின்று உமக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. பஸ்கள் விடுகிற கறுப்புப் புகையை உம்மோடு சேர்ந்து வாங்கிக்கொண்டு அங்கே ஒரு அரசமரமும் நின்றது. அதைப் பார்த்துத்தான் உமக்கு அந்தக் கிறுக்கு பிடித்தது. நம் தெருக்கோடியில், நாகர் சிலைகளுக்கு மேலே, இன்னொரு அரசு. இரண்டும் ஒரே ஜாதி, இரண்டுக்கும் கீழே அதே செம்மண். ஒன்று புகையில் நிற்கிறது, மற்றது சுத்தக் காற்றில். "அது நான், இது நீர். ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்" என்றீர்.

ரத்தம் என்று நீர் சொன்னது மரத்தின் சாற்றை. மரம் மண்ணிலிருந்து குடிப்பதும் காற்றிலிருந்து வாங்குவதும் கடைசியில் சாற்றில் வந்து சேரும் என்பது உம்முடைய கட்சி. புகை ஏறியிருந்தால் கந்தகத்தின் சாயல் காட்டும், சாற்றின் புளிப்பும் மாறும் என்றீர். நான் "ரசம் மாதிரியா?" என்று கேட்டேன். "உமக்கு எல்லாமே சாப்பாட்டிலேதான் போய் முடியும்" என்றீர். வாஸ்தவம். கல்யாணம் ஆகாதவனுக்கு வேறெதில் போய் முடியும்?

சாறு எடுக்க நீர் கண்டுபிடித்த கருவியை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பழைய சைக்கிள் பம்ப். அதன் தோல் வாஷரைத் திருப்பிப் போட்டால் ஊதாது, உறிஞ்சும். சின்னக் கிளையை வெட்டி, நுனியில் பட்டையை உரித்து, வழிகிற வெள்ளைப் பாலை வழித்துத் துடைப்பீர். "பால் வாசல்லே நிக்கற காவல்காரன் ஓய். சாறுதான் உள்ளே இருக்கற வீட்டுக்காரன்." பிறகு ரப்பர் குழாயைச் செருகிப் பம்பை இழுத்தால், தண்ணீர் போலத் தெளிவாக ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய காலிக் குப்பியில் அதைப் பிடிப்பீர். குடை பிடிப்பதும் வருகிறவர் போகிறவருக்குப் பதில் சொல்வதும் என் உத்தியோகம். "மூலத்துக்கு மருந்து எடுக்கறார்" என்று ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். சாயங்காலம் உம் வீட்டு வாசலில் சிலபேர் வெட்கத்தோடு நின்றார்கள்.

அந்த மழைக்காலம் முடிந்தபோது நம் தெரு அரசின் இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. தீயில் காட்டி எடுத்த அப்பளம் மாதிரி விளிம்பு மட்டும் பழுப்பாகி, சுருண்டு, உதிர்ந்தது. தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் மன்னி என்று கூப்பிடும் உம் சம்சாரத்தைத் தவிர. உமக்கு இழுப்பு வந்த நாள் முதல் அவர் தினமும் குளித்துவிட்டு அந்த நாகருக்கு வேண்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோசை போடும்போது சொன்னார்: "இவருக்கு நல்ல மூச்சு வரணும்னு அதுகிட்டேதான் ஒப்படைச்சிருக்கேன். அது வாடினா இவருக்கு என்னாகுமோன்னு இருக்கு." நீர் பேப்பருக்குப் பின்னால் இருந்தீர். பேப்பர் நகரவில்லை. மரம் பட்டுப்போனால் அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று நம் இருவருக்கும் அப்போதே தெரியும். அந்தத் தோசையை நான் ருசி பார்க்காமல் விழுங்கினேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

மரம் வாடினால் தெருவுக்குக் குற்றவாளி வேண்டும். மரத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த திருநெல்வேலிச் செல்லையா கிடைத்தார். அவருடைய புகைபோக்கி மரத்தைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். வக்கீல் மாமா தலைமையில் கூட்டம் போட்டார்கள். உமக்கு நாற்காலி கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

"புகையாலேதான்னு கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒரு வரி எழுதிக் கொடுத்தா போறும். கடையைக் காலி பண்ணிடலாம்" என்றார் வக்கீல் மாமா.

"வரி எழுதறதுக்கென்ன மாமா, எழுதிடலாம். சாறு ஒத்துக்கணுமே" என்றீர்.

செல்லையா என்னைத் தனியாக இழுத்தார். "சாமி, நம்ம கடையிலதான வேளா வேளைக்குச் சாப்பிடுதீய? உங்க சிநேகிதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

சொன்னேன். "ஓய், இவர் போய்ட்டா நான் பட்டினி. விஞ்ஞானத்துக்கு இதயம் உண்டா இல்லையா?"

"இதயம் உண்டு. இட்லிக்காகத் துடிக்காது" என்றீர்.

மறுநாள் உம் வீட்டுப் பின்கட்டில், வடுமாங்காய் ஜாடிகளுக்கு நடுவே, விசாரணை நடந்தது. பஸ் ஸ்டாண்டு மரத்தின் சாற்றில் ஒரு மருந்தைச் சொட்டினீர். வெள்ளையாகப் புகை மாதிரி கலங்கியது. "பார்த்தேரா, கந்தகம். இவன் தினம் பஸ் குடிக்கறான்." நம் தெரு மரத்தின் சாற்றில் அதே மருந்தை விட்டீர். பேருக்குக் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். செல்லையாவின் விறகுப் புகை குற்றவாளி இல்லை. நான் மனசுக்குள் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன். அப்புறம் நீர் சும்மா ஒரு ஒழுங்குக்காக வேறொரு மருந்தை விட்டீர். குப்பி முழுக்கத் தயிராகத் திரிந்தது.

குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினீர். அப்புறம், "உப்பு. நாம சாப்பிடற உப்பு. மரம் பூரா உப்பு ஓய்" என்றீர். இலை ஓரம் கருகுவதன் காரணமும் உமக்குப் புரிந்துவிட்டது. வேர் உப்பைக் குடிக்கிறது. சாறு அதை மேலே தூக்கிக்கொண்டு போகிறது. இலையில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் விளிம்பில் தங்கி அந்த இடத்தை எரித்துவிடும். ஆனால் செம்மண்ணில் உப்பு எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில்தான் நாம் இருவரும் நம் படிப்பை உலகுக்கு நிரூபித்தோம். கடல்காற்று என்று முடிவு கட்டினோம். சங்குமுகத்திலிருந்து வருகிற காற்று நம் தெருவில் திரும்பி அந்த மரத்தில் மட்டும் மோதுகிறது என்று நீர் சிலேட்டில் படம் போட்டீர். காற்று திரும்புகிற இடத்தில் என் வீட்டைப் போட்டு, "இங்கே ஒண்ணுமில்லாததாலே சுலபமாத் திரும்பறது" என்றீர். கடற்கரைக்குப் பஸ் ஏறி, அலைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அரசில் பம்பைச் செருகினோம். மீனவப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "எந்தா சாமீ, மரத்தினு காற்று போயோ?" என்று ஒருத்தி கேட்டாள். பஞ்சராகிப் போனது உம்முடைய கொள்கைதான். கடலை முகத்துக்கு நேரே பார்த்து நிற்கிற அந்த மரத்தின் சாற்றில் நம் தெரு மரத்தில் பாதி உப்புகூட இல்லை.

அதற்கடுத்த ஒரு விடிகாலை. கிளை வெட்டுவதற்காக நீர் பம்போடு நாகர் மேடைக்குப் பக்கத்தில் நின்றீர், நான் குடையோடு. மன்னி ஈரத்தலையில் துண்டோடு வந்தார். இடுப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். நாகர் சிலைமேல் மஞ்சளைத் தூவினார். அப்புறம் ரேஷன் கடைக் கல்லுப்பு, ஒரு கை நிறைய. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு மாமி நின்றார், அவர் கையிலும் உப்பு. நாகருக்குப் பூஜை செய்கிற போத்தி வந்தார். முதல்நாள் உப்பின்மேல் யாருடைய காலும் பட்டுவிடக் கூடாதென்று துடைப்பத்தால் பக்தியோடு கூட்டி, வேர்ப் பொந்துக்குள் தள்ளினார். பொந்துமேல் ஒரு குடம் தண்ணீரும் விட்டார்.

"ஓய்" என்றீர். என் குடையைப் பிடித்து இழுத்தீர்.

"என்ன?"

"உப்பு."

"ஆமா, உப்பு. நாகருக்கு உப்புதானே போடுவா. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா?" என்று குப்பியைத் தூக்கிக் காட்டினீர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து அந்த இடத்தைத் தாண்டித்தான் போய் வருகிறோம். சின்ன வயதில் அந்த உப்பைத் திருடி மாங்காய்க்குத் தொட்டுத் தின்றிருக்கிறோம். அது உப்பு என்று நமக்குத் தோன்றவே இல்லை. வழிபாடு என்று கண்ணில் பட்டு, வழிபாடாகவே தாண்டிப் போயிற்று. சுத்தமான மண் என்று தேடித் தேடி, ஊரிலேயே உப்பு அதிகமான மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறோம். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீர் சிரிக்கவில்லை. சுற்றி வருகிற மன்னியையே பார்த்துக்கொண்டு நின்றீர்.

வீட்டுக்குப் போகிற வழியில் சொன்னீர்: "எனக்கு மூச்சு வரணும்னு அவ வேண்டிக்கறதை நான் சாற்றிலே அளந்து வெச்சிருக்கேன் ஓய். இதை எப்படி அவகிட்டே சொல்லறது? உன் வேண்டுதல்தான் மரத்தைக் கொல்லறதுன்னா?"

நான் வாழ்க்கையில் உபயோகமாகச் செய்த ஒரே காரியம் அதற்குப் பிறகு நடந்தது. பொய் எனக்குக் கைவந்த தொழில், பத்திரிகைகள் அதற்குத்தான் எனக்குக் காசு கொடுத்தன. முதலில் போத்தியைப் பிடித்தோம். நீர் ரசாயனத்தை விளக்கினீர். அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதினெந்தா? பாத்ரம் கொண்டுவா, அதில் இடட்டே" என்று, பாத்திரத்தில் போட்டால் போயிற்று என ஒரே பேச்சில் முடித்துவிட்டார். உம் வீட்டுப் பரணிலிருந்து பழைய வெண்கல உருளி ஒன்று இறங்கியது. அதற்குப் பிறகு நான் குளத்துப் படித்துறையில் இரண்டு பேருக்குக் கேட்கிற மாதிரி உம்மிடம் ரகசியம் பேசினேன்: உப்பு மேலே பட்டால் நாகருக்கு எரிச்சலாம், பாத்திரத்தில் வைத்தால்தான் மனசாற வாங்கிக்கொள்வாராம், மேடைக்கு நிறையத் தண்ணீர் விட்டால் குளிர்ச்சியாம், பெரிய இடத்திலிருந்து வந்த சேதியாம். சாயங்காலம் அதே சேதி என்னிடமே திரும்பி வந்தது, வக்கீல் மாமாவின் சம்சாரம் கண்ட கனவு ஒன்றையும் சேர்த்துக்கொண்டு. கனவில் நாகர் உருளி கேட்டாராம். அளவுகூடச் சொன்னாராம்.

தெருவே குடம் குடமாகத் தண்ணீர் விட்டது. வேரடி மண்ணில் இருந்த உப்பு கரைந்து கீழே இறங்கியது. நீர் மாதத்துக்கொரு தரம் குப்பியைப் பிடித்தீர். தயிர் மோராயிற்று, மோர் நீர்மோராயிற்று. இரண்டு மழைக்காலம் போனபின் ஒரு மாசியில் அரசு புதுத்தளிர் விட்டது. செம்புநிறத்தில் பளபளவென்று, விளிம்பில் ஒரு கறைகூட இல்லாமல். மன்னி எல்லா வீட்டுக்கும் பாயசம் கொடுத்தனுப்பினார். செல்லையா அவர் பங்குக்குப் புகைபோக்கியை நிமிர்த்தி வைத்தார். "இப்ப நிமுத்தி என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ஒரு மரியாதைக்குத்தான் சாமி" என்றார்.

பஸ் ஸ்டாண்டு மரத்துக்கு நாம் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் சாறு வருஷத்துக்கு வருஷம் இன்னும் கலங்கியது. நீரும் அதே இடத்தில்தான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தீர். "மண்ணுன்னா தண்ணி விட்டுக் கழுவிடலாம் ஓய். காத்தை எதை விட்டுக் கழுவறது?" என்று ஒருநாள் கேட்டீர். நான் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்தேன்.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் நீர் இருந்த அந்தக் கடைசி மழைக்காலத்தில் உருளி தினமும் நிறைந்தது. தெருவில் எல்லோரும் போட்டார்கள். செல்லையா கடையிலிருந்து ஒரு படியே கொண்டுவந்து கொட்டினார். வக்கீல் மாமா யாரும் பார்க்காதபோது போட்டார். நான் பார்த்தேன், என் தொழில் அது. உம்மிடம் வந்து சொன்னபோது மூக்கில் குழாயோடு நீர் கேட்டது ஒரே கேள்வி: "நிறைஞ்சா எங்கே கொட்டறேர்?"

"சங்குமுகத்திலே. கடல்லே."

"சரி. வந்த இடத்துக்கே போகட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்.

நீர் போன பிறகு உம் பெண் பம்பாயிலிருந்து வந்து மன்னியைக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பானூர் ஸ்டேஷனில் ஜன்னலுக்கு வெளியே நான் வாழைப்பழச் சீப்போடு நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் நான் வாழைப்பழம் வாங்குவேன். மன்னி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"உருளியைப் பார்த்துக்கோங்கோ. உப்பை மண்ணிலே மாத்திரம் விட்டுடாதீங்கோ. வேர் தாங்காது."

"மன்னி, உங்களுக்கு..."

"தெரியும். அவர் பம்போட நின்னுண்டு என்னைப் பார்த்தாரே, அன்னிக்கே தெரியும். அந்த மூஞ்சியை எனக்குப் படிக்கத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் அத்தனை கஷ்டப்பட்டுப் பொய் சொன்னேள். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு பாத்திரத்திலே போட்டுண்டு வந்தேன்."

"அப்புறமும் ஏன் மன்னி போட்டேள்?"

"ரெண்டு வேண்டுதல் வெச்சேன். ஒண்ணு இவருக்கு. ஒண்ணு மரத்துக்கு." வண்டி நகர ஆரம்பித்தது. "ஒண்ணு பலிச்சுது, இல்லையா?"

வாழைப்பழம் என் கையிலேயே தங்கிவிட்டது. அன்று இரண்டு வேளை அதைத்தான் சாப்பிட்டேன்.

ஓய், இதை உம்மிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நாம் அவரை ஏமாற்றினோம் என்று நீர் கடைசிவரை நம்பினீர். அதில் உமக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஏமாந்தது நாம்தான். ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது இந்த விஷயத்தைச் சொல்லிச் சிரிக்க ஆள் தேடினேன். இதற்குச் சிரிக்கத் தெரிந்தவர் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் ரயிலில் போய்விட்டார்.

செல்லையாவும் ஊரோடு போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது ஒரு பேக்கரி. இட்லி கிடையாது. உருளி நிறைய இப்போதெல்லாம் வெகுநாள் ஆகிறது, தெருவில் சின்னவர்களுக்கு வேண்டிக்கொள்ள நேரமில்லை. நிறைந்ததும் தூக்குவாளியில் கொட்டிக்கொண்டு சங்குமுகம் பஸ் ஏறுகிறேன். போன தடவை கண்டக்டர் எட்டிப் பார்த்தான். "கடலிலேக்கு உப்பு கொண்டு போகுன்னோ சாரே? அவிடே இல்லே?" பஸ் முழுக்கச் சிரித்தது. நல்ல நகைச்சுவை. என் கட்டுரை எதற்கும் இப்படிச் சிரிப்பு விழுந்ததில்லை. உம்மிடம் சொல்லலாம் என்று பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். யாரோ மீன்கூடை வைத்திருந்தார்கள்.

குப்பி கிடைத்துவிட்டதே என்று, இன்று சாயங்காலம் பம்பைத் தேடி எடுத்து வாஷருக்கு எண்ணெய் விட்டேன். அரசில் ஒரு சின்னக் கிளை. பட்டையை உரித்தேன், நீர் சொன்னபடி காவல்காரனை வழித்துத் துடைத்துவிட்டு, இழுத்தேன். குடை பிடிக்க ஆள் இல்லாததால் தூறலில் நனைந்துகொண்டே இழுத்தேன். ஒரு சொட்டு வந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அதில் உப்பு இருக்கிறதா, இல்லையா? உம்முடைய மருந்துகளை மன்னி போகுமுன் காலேஜுக்கே கொடுத்துவிட்டார்.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஓய்.